ஆர்க்கிட் ஜன்னலுக்கு வாங்கிய வெள்ளைத் திரை

பெங்களூரு ஜெயநகரில், எங்கள் வீட்டுக் கிழக்கு ஜன்னலில் உள்ள ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகைப் பூச்செடிக்காக வாங்கிய இந்த மெல்லிய வெள்ளைத் திரையை ஓராண்டாகப் பயன்படுத்துகிறேன். கூடத்தின் நடுவே இருந்தவரை அதன் இலைகள் கரும்பச்சையாக இருந்தனவே தவிர, பூங்காம்பு ஒன்றும் வரவில்லை. வெளிச்சக் குறைவுக்கு அதுவே அடையாளம். ஜன்னலருகே மாற்றி, காலை 9 மணிக்கு மேல் திரையை இழுத்துவிடத் தொடங்கிய பிறகு இலைகள் இளம்பச்சையாயின, தை மாதத்தில் 2 காம்புகள் எழுந்தன. அந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் இவ்வூருக்குச் சற்று வடக்கே நிற்பதால், வடக்கு ஜன்னலுக்கும் ஒன்று வாங்குவது நல்லது. தூசி படிந்தால் வெளிச்சம் குறையும் என்பதால் மாதந்தோறும் துவைக்கிறேன். முதல் துவைப்பிலேயே 4 விரற்கடை சுருங்கியது ஏமாற்றமே.