மேசைக்கு வராத கோப்புகள்: ஸ்டீவன் லூக்ஸின் ‘பவர்: எ ராடிகல் வியூ’

அரசியல் கோட்பாட்டு நூலுக்கு மதிப்புரை எழுத எனக்குள்ள ஒரே தகுதி, ஒரு நகராட்சியில் மன்றக் கூட்டத்துக்கான பொருள் பட்டியலைத் தயாரிக்கும் மேசையில் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவள் என்பதுதான். எந்தப் பொருளுக்கு எண் போடுவது, எதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது என்பதெல்லாம் தலைவர் அறையில் முடிவாகும்; நான் தட்டச்சு செய்வேன். மன்றத்தில் நடக்கும் சண்டையை நிருபர்கள் எழுதிக்கொண்டு போவார்கள். பட்டியலில் ஏறாத பொருளைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதியதில்லை.

அந்த ஏறாத பொருளைப் பற்றித்தான் பிரிட்டிஷ் அரசியல் சமூகவியலாளர் லூக்ஸ் இந்நூலில் பேசுகிறார். 1974இல் வந்தபோது இது அறுபத்துச் சொச்சம் பக்கமுள்ள சிறு நூல். அதிகாரத்தை மூன்று அடுக்காகப் பார்க்கிறார். முதல் அடுக்கு அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் டால் கண்டது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் யார் ஆள்கிறார்கள் என்று ஆராய்ந்த டால், நகர்ச் சீரமைப்பு, பள்ளிக் கல்வி, வேட்பாளர் தேர்வு ஆகிய மூன்றிலும் யார் சொன்னது நடந்தது என்று கணக்கெடுத்து, ஒரே கும்பலின் கையில் எல்லாம் இல்லை என்று 1961இல் முடிவு சொன்னார். மறு ஆண்டே பக்ராக், பாராட்ஸ் என்ற இருவர் மறுத்தார்கள். விவாதத்துக்கு வந்ததை மட்டும் எண்ணினால் போதுமா, வரவிடாமல் தடுத்ததை யார் எண்ணுவது என்பது அவர்கள் கேள்வி. அது இரண்டாம் அடுக்கு.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். குப்பைக் கிடங்கை ஒட்டிய தெருக்காரர்கள் கொடுத்த மனு எங்கள் அலுவலகத்தில் வருடக்கணக்கில் சுற்றியது. ஒவ்வொரு முறையும் பச்சை மையில் ‘பேசுக’ என்ற குறிப்போடு திரும்பி வரும். யார் யாரிடம் பேசுவது என்று அதில் இருக்காது. மறுத்து ஓர் உத்தரவு போட்டிருந்தால் மேல்முறையீட்டுக்காவது போகலாம். ‘பேசுக’ என்பதற்கு மேல்முறையீடு கிடையாது.

நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அரசியல் ஆய்வாளர் மாத்யூ கிரென்சனின் நூலிலிருந்து லூக்ஸ் எடுத்தாளும், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து இரண்டு ஊர்களின் கதை. ஈஸ்ட் சிகாகோ, கேரி இரண்டும் பக்கத்துப் பக்கத்து எஃகு நகரங்கள். இரண்டிலும் புகை மூச்சை அடைக்கும். ஈஸ்ட் சிகாகோ 1949லேயே காற்று மாசுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. கேரியில் அது 1962 வரை இழுத்தது. கேரி, யு.எஸ். ஸ்டீல் நிறுவனமே உருவாக்கிய ஊர். அதன் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள். அந்த நிறுவனம் சட்டத்தை எதிர்த்துப் பெரிதாக மல்லுக்கட்டவில்லை. கேட்க வந்தவர்களுக்கு அதன் அதிகாரிகள் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள், அவ்வளவுதான். நிறுவனம் என்ன நினைக்குமோ என்ற தயக்கமே ஊரை வாய்மூட வைத்தது. ஆலைக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமலே கோப்பு நின்றுபோகும் விதத்தை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

மூன்றாம் அடுக்கில்தான் எனக்கு லூக்ஸோடு பிணக்கு. மனிதர்களுக்குக் குறையே தோன்றாதபடி அவர்களுடைய ஆசைகளையும் எண்ணங்களையும் வடிவமைப்பதுதான் ஆகக் கொடிய அதிகாரம் என்கிறார். சரி, அவர்களுடைய உண்மையான நலன் எது என்று சொல்வது யார்? பேராசிரியரா? சான்றுக்கு நம் நாட்டுச் சாதியையே எடுக்கிறார். கீழே வைக்கப்பட்டவர்கள் அந்த அடுக்கை மனமார ஏற்றவர்கள் என்றால், வழி திறந்தபோதெல்லாம் ஏன் மேலேற முயன்றார்கள், ஏன் மதம் மாறினார்கள் என்று கேட்கிறார். கேள்வி நியாயமானது. ஆனால் அதிலிருந்து, அதுவரை அவர்கள் மயங்கிக் கிடந்தார்கள் என்பதைவிட, காத்திருந்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

எங்கள் தூய்மைப் பணியாளர்கள் ஆணையாளரின் ஜீப் வந்தால் எழுந்து நின்று கும்பிடுவார்கள். ஜீப் தெருமுனை தாண்டியதும் ஒருவர் அவர் நடையை நடந்து காட்டுவார். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எது நியாயம் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. வாய் திறந்தால் மறுநாள் எந்த வார்டுக்குத் தூக்கியடிப்பார்கள் என்பதும் தெரியும். மலேசியக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்காட் இதைத்தான் சொன்னார்: முன்னால் ஒரு பேச்சு, பின்னால் ஒரு பேச்சு. லூக்ஸ் 2005இல் வந்த இரண்டாம் பதிப்பில் இதற்குப் பதில் சொல்கிறார். மறைவான எதிர்ப்பு இருப்பது உண்மை, ஆனால் எல்லா இடத்திலும் அதுவே நடக்கிறது என்பதற்கு அது சான்றாகாது என்கிறார். மறுக்க முடியாத பதில். எனக்கு உவப்பான பதில் இல்லை.

அதே பதிப்பில், 1974இல் தான் அதிகாரத்தையும் ஆதிக்கத்தையும் ஒன்றாகக் குழப்பிவிட்டதாக வெளிப்படையாக எழுதுகிறார். அதிகாரம் என்பது ஒரு திறன். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அது இருக்கிறது. ஆதிக்கம் அதில் ஒரு வகை மட்டுமே. பிள்ளை மேல் தாய்க்குள்ள அதிகாரம் ஆதிக்கமாகிவிடாது. இந்த நேர்மைக்காகவே பழைய பகுதியைத் திருத்தாமல் வைத்துப் பின்னால் புதிய அத்தியாயங்களைச் சேர்த்தது பிடித்திருந்தது. ஆனால் எஜமான் நல்லவனாக இருந்தாலும் அடிமை அடிமைதானே என்ற கேள்விக்கு முழு விடை வேண்டுமென்றால், 1997இல் அதை விரிவாக எழுதிய அரசியல் தத்துவ அறிஞர் பிலிப் பெட்டிட்டிடம்தான் போக வேண்டும்.

ஆங்கிலம் கடினம், முதல் பகுதியை அகராதி பக்கத்தில் இருந்தால் சமாளிக்கலாம், பிற்பகுதியில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ வந்ததும் நடை கனக்கிறது. 2021இல் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. பழைய புத்தகக் கடையில் இரண்டாம் பதிப்பு கிடைத்தால் அதுவே போதும். ஐந்துக்கு நான்கு தருகிறேன். உள்ளாட்சித் தேர்தலில் முதல்முறை ஜெயித்தவர்கள் கேரி பகுதியை மட்டுமாவது படித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் எந்தெந்த மனு இன்னும் ‘பேசுக’வில் கிடக்கிறது என்று எழுத்துமூலம் கேட்கட்டும்.