ஓவன் காயிலின் இரண்டு பருவங்கள்: மாற்றியிருக்க வேண்டியது பயிற்சியாளரையா?

நம் ஊர்க் கால்பந்து அணியான சென்னையின் எஃப்சி, 2024–25 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பருவத்தை 13 அணிகளில் 11-ஆவது இடத்தில் முடித்தபோது, அப்போதைய பயிற்சியாளர் ஓவன் காயிலை அனுப்பிவிட வேண்டும் என்ற பேச்சு பெரியமேடு நேரு விளையாட்டரங்கத்துக்கு வருபவர்களிடையே வலுத்தது; 2025-இல் அவர் அணியை விட்டுப் போயும்விட்டார். சொந்த ஊர் ஆட்டங்களை டிக்கெட் வாங்கிப் பார்த்தவன் என்ற முறையில் அவர்களுடைய ஆற்றாமை எனக்கும் உண்டு. இருந்தாலும் அவர் நீடித்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2023–24-இல் 22 ஆட்டங்களில் 27 புள்ளிகள் எடுத்து ஆறாம் இடம் பிடித்தோம். நாக் அவுட்டில் கோவாவிடம் 2–1 என்று தோற்றபோதும், பல ஆண்டுகளுக்குப் பிறகு, முதல் ஆறு அணிகள் மட்டும் ஆடும் பிளே ஆஃப் சுற்றைக் கண்ட மகிழ்ச்சியில் காயிலைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினோம். 2024–25-இல் 24 ஆட்டங்களில் அதே 27 புள்ளிகள்தான். ஆனால் ஆறாம் இடம் பிடித்த மும்பை சிட்டி 36 புள்ளிகள் எடுத்திருந்தது. முதல் பருவத்தின் பாராட்டும் அடுத்த பருவத்தின் வசையும் ஒரே அளவு மிகையானவை. மற்ற அணிகள் வளர்ந்தன, நம் அணி வளரவில்லை. குறை அதுதான், அது சிறிய குறையும் அல்ல.

அந்தக் குறை எங்கே இருந்தது என்பது தொலைக்காட்சியைவிடக் கேலரியிலிருந்து பார்க்கும்போது தெளிவாகத் தெரியும், ஏனென்றால் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும். எதிரணியை அதன் பாதியிலேயே நெருக்கிப் பந்தைப் பறிப்பது காயிலின் ஆட்டமுறை. அது பலிக்கும்போது பார்க்கக் கண் கோடி வேண்டும்; எதிரணி கொடுக்கும் ஒரே ஒரு பாஸ் அந்த வளையத்தைத் தாண்டிவிட்டால், நடுகளத்துக்கும் பின்களத்துக்கும் நடுவே ஒரு தெரு அகலத்துக்கு இடம் காலியாகக் கிடக்கும், நம் பின்கள வீரர்கள் கோல் கம்பத்தைப் பார்த்துத் திரும்பி ஓடுவார்கள். 2025 ஜனவரி 30 அன்று கேரளா பிளாஸ்டர்ஸுடன் நடந்த ஆட்டத்தில் தொடக்க நிமிடங்களிலேயே கோல் வாங்கி, இடைவேளைக்கு முன்பே நம் முன்கள வீரர் வில்மர் ஜோர்டான் சிவப்பு அட்டை பெற்று, 1–3 என்று தோற்றோம். வழக்கமான அரைக்கால் சட்டையில் கோட்டோரம் நின்றிருந்த காயிலை அன்று எங்கள் வரிசையில் திட்டாதவர்கள் குறைவு. பத்துப் பேருடன் ஆட நேர்ந்த தோல்விக்காக நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பின்களத்துக்கு முன்னால் திரும்பத் திரும்ப விழுந்த அந்த இடைவெளியை இரண்டு ஆண்டுகளாக அடைக்காததற்குக் கட்டாயம் சொல்வேன்.

ஆனால் அவர் கையில் துளிர்த்த வீரர்களையும் சொல்ல வேண்டும். முழங்கால் காயத்தால் நெடுங்காலம் ஒதுங்கியிருந்த ஃபருக் சௌத்ரி, 2024 அக்டோபரில் இந்திய அணிக்காக வியட்நாமுக்கு எதிராகக் கோல் அடித்தார். இர்ஃபான் யாத்வாட் அடுத்த மாதமே தேசிய அணிக்கு அழைக்கப்பட்டார். ஜாம்ஷெட்பூரை அதன் ஊரிலேயே 5–1 என்று வென்றதும் இதே அணிதான்.

பயிற்சியாளரை மாற்றிப் பார்த்த அனுபவம் நமக்கு நிறையவே உண்டு. 2019 டிசம்பரில் அப்போதைய பயிற்சியாளர் ஜான் கிரிகரிக்குப் பதிலாக இதே காயில் வந்து, தடுமாறிக்கொண்டிருந்த அணியை இறுதிப்போட்டி வரை கொண்டுசென்றார் என்பதை மாற்றம் வேண்டும் என்றோர் மேற்கோள் காட்டினார்கள். அன்று வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்தே, தாபா ஆகிய வீரர்கள் ஏற்கெனவே அணியில் இருந்தார்கள். வந்தவர் அவர்களை ஆடவைத்தார். அந்த முறை அவர் போய், மறுபடி திரும்பி வரும்வரை லாஸ்லோ, பாண்டோவிச், பிரடாரிச் என்று ஆண்டுக்கொரு பயிற்சியாளர் வந்தார்கள், மூன்று பருவங்களிலும் எட்டாம் இடமே மிஞ்சியது. நல்ல வீரர்கள் கையில் இருக்கும்போது புதிய பயிற்சியாளர் பலன் தருவார். இல்லாதபோது, வருகிறவர் முதல் ஆண்டை அணியைப் புரிந்துகொள்வதிலேயே கழிப்பார், அதற்குள் அவரையும் அனுப்பிவிடுவோம்.

எனவே நிர்வாகம் செலவழிக்க நினைத்த பணத்தை, பின்களத்தின் முன்னால் நின்று அந்த இடத்தைக் காக்கக்கூடிய ஒரு நடுகள வீரருக்கும், வேகமான ஒரு மையப் பின்கள வீரருக்கும் செலவழித்திருக்க வேண்டும். அந்த இருவரும் வந்த பிறகும் அதே இடைவெளியில் கோல் விழுந்திருந்தால், காயில் போகட்டும் என்று நானும் சொல்லியிருப்பேன்.