மாட்டுக் கொட்டகைக்கு அம்மோனியா அளக்கும் கருவி வாங்கப்போகிறவர்களே, 38,500 ரூபாய் பறிகொடுத்தவன் சொல்கிறேன்

38,500 ரூபாய். நேற்றுப் பேசியபோதும் "பணம் திரும்ப வராது சார்" என்று போனை வைத்துவிட்டார்கள். வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். பண்ணைச் சாமான்களை ஆன்லைனில் விற்று, ஆளை அனுப்பி மாட்டித் தரும் கம்பெனி. பெயர் வேண்டாம்.

செங்குன்றம் பக்கம் 14 கறவை மாடு வைத்து வீட்டு ஆட்களே பார்த்துக்கொள்ளும் சின்னப் பண்ணை எங்களுடையது. மழைக்காலத்தில் சாரல் அடிக்காமல் சுற்றிலும் தார்ப்பாய் கட்டிவிடுவோம். கோமியமும் சாணியும் கலந்து கிளம்பும் அம்மோனியா வாயு உள்ளேயே நிற்கும். இந்த ஐப்பசியில் இரண்டு கன்றுகள் விடாமல் இருமின. மாட்டு டாக்டர் வந்து, "மருந்து இருக்கட்டும், முதலில் காற்றைக் கவனிங்க. அம்மோனியா 10 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் நல்லது" என்றார். பிபிஎம் என்றால் பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்ற கணக்கு. அதற்குத்தான் இந்தக் கருவி.

மாட்ட வந்த தம்பி கெட்டிக்காரன். என் தலை உயரத்தில் ஆணி அடிக்கப் போனேன். "அண்ணே, உங்க மூக்குக்கு இல்ல, கன்னுக்குட்டி மூக்குக்கு மாட்டணும். அது படுக்கிற இடத்துலதான் நெடி" என்று முழங்கால் அளவுக்கு இறக்கிப் பிடித்தான். சொன்னது சரியும்கூட. மாட்டைத் தெரிந்த பையன் என்று மனசு அங்கேயே விழுந்துவிட்டது. மின்வேதி சென்சார் (வாயு பட்டதும் வேதிவினையில் உண்டாகும் மின்சாரத்தை வைத்து அளப்பது), ஒரு வருஷ வாரண்டி, போனிலேயே எண் தெரியும் என்றான். நின்ற இடத்திலேயே 38,500 ரூபாயும் அனுப்பினேன்.

கருவி எப்போது பார்த்தாலும் 3, இல்லாவிட்டால் 4. விடியற்காலையில் தார்ப்பாயைத் தூக்கினால் கண் எரிந்து தண்ணீர் கொட்டுகிறது. போனில் பச்சை நிறத்தில் ஒரு சிரித்த முகம். சாயங்காலம் கொசுவுக்கு வேப்பிலை மூட்டம் போட்டால் மட்டும் 60-க்குத் தாவி அலறும்.

காசிமேட்டு ஐஸ் பேக்டரியில் வேலை பார்க்கும் மச்சான், கசிவு பார்க்கிற கைமீட்டரை எடுத்துவந்தார். அங்கே குளிரூட்டுவதற்கு அம்மோனியாதான். இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். அவர் மீட்டரில் 27, என் கருவியில் 4. எட்டு மணி நேரம் வேலை செய்யும் ஆளுக்கே 25-ஐத் தாண்டக் கூடாது என்பதுதான் அமெரிக்காவில் பரிந்துரைக்கும் வரம்பு. மூடியைக் கழற்றினால் உள்ளே மின்வேதி சென்சாரே இல்லை, எம்கியூ-135 என்கிற மலிவான சென்சார். காலேஜ் பிள்ளைகள் ப்ராஜெக்டுக்கு வாங்குவார்களே, சில நூறு ரூபாய், அதேதான். புகை, ஆல்கஹால், அம்மோனியா எது பட்டாலும் ஏறும். எது என்று பிரிக்கத் தெரியாது. போனில் கார்பன் டை ஆக்சைடு என்று கூடவே காட்டிய இன்னொரு எண்ணும் இதிலிருந்தே குத்துமதிப்பாகப் போட்டதுதான்.

போன் செய்தால் முதலில், "ஆப்பை அழிச்சிட்டு மறுபடி போடுங்க." அப்புறம், "ஆட்டோ காலிபரேஷன் சார், மாட்டின இடத்துக் காற்றைத்தான் சுத்தமான காற்றா எடுத்துக்கும்." அதாவது நாறுகிற கொட்டகையைச் சுத்தம் என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணுகிறது! கூரியரில் அனுப்பினேன், என் செலவில். அதே பெட்டியில் அப்படியே திரும்பி வந்தது, ஒரு சீட்டோடு: "தூசி, ஈரப்பதத்தால் பாதிப்பு, வாரண்டி பொருந்தாது." மாட்டுக் கொட்டகைக்கென்றே விற்ற சாமானுக்குத் தூசி ஆகாதாம். பின்னே பூஜை அறையிலா மாட்டுவார்கள்?

கடைசியில் ஒருவர், "பிசினஸுக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது" என்று பயம் காட்டினார். சும்மா. சொந்தத் தொழில் செய்து பிழைக்கிறவர் அந்தப் பிழைப்புக்காக மட்டும் வாங்கினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவரும் நுகர்வோர்தான். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய சாமானுக்கு வழக்குக் கட்டணமும் கிடையாது. இப்போதைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 38,500 ரூபாய்க்கு எத்தனை மூட்டை புண்ணாக்கு வந்திருக்கும் என்று வீட்டில் தினமும் கணக்குச் சொல்கிறார்கள்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுத நினைத்தேன், கறவை நேரம் ஆகிவிட்டது. சென்சாரின் மாடல் எண்ணைக் கேளுங்கள், மழுப்பினால் அனுப்பிவிடுங்கள். நிஜமான மின்வேதி சென்சாரையே ஓரிரு வருஷத்தில் மாற்ற வேண்டிவரும், அதன் விலையையும் கேளுங்கள். "மாட்டுக் கொட்டகைக்கு" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். மழையானாலும் தார்ப்பாயை மேலே ஒரு முழம் திறந்து வையுங்கள், அம்மோனியா காற்றைவிட லேசு. அந்தத் தம்பி இப்போது பூந்தமல்லி, குன்றத்தூர் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. வந்தால் முதலில் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.