செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் எஸ்யூவி: கியர் மாறும்போது அடிக்கிற ஜெர்க்கை எங்கிருந்து தேடணும்

வண்டி 7 சீட்டு டீசல் எஸ்யூவி, ரியர் வீல் டிரைவ், 6 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியா கடத்தற வகை) ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். செகண்ட் ஓனரா வாங்கி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, கோயம்புத்தூர் சிட்டிக்குள்ளயும் வால்பாறை, ஊட்டி ரோட்டுலயும் நல்லாவே ஓட்டியிருக்கேன். கம்பெனி பேரு இங்க வேணாம், ஏன்னா நான் சொல்லப்போறது அந்த ஒரு மாடலுக்கு மட்டும் இல்ல, 80,000 கிலோமீட்டர் தாண்டுன எந்த டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கும் பொருந்தும்.

வாங்குன கொஞ்ச நாள்லயே ஜெர்க் தெரிய ஆரம்பிச்சிடுச்சு. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்ல காட்டுனேன், ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து "கியர்பாக்ஸ் ஓவர்ஹால் பண்ணணும் சார்"னு லட்சக்கணக்குல எஸ்டிமேட் குடுத்தாங்க. ஸ்கேனரும் போடல, ஆயிலும் பாக்கல, அடில ஏறியும் பாக்கல. எனக்கு அது மனசுக்கு ஒத்து வரல, அதனால வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் ஆட்டோமேட்டிக் பாக்ஸ் வேலை மட்டும் பண்ற ஒரு அண்ணன்கிட்ட போனப்ப அவரு கேட்ட முதல் கேள்வியே வேற. "ஜெர்க் எப்ப வருதுங்க? வண்டி ஆறிக் கெடக்கும்போதா, சூடானப்புறமா? எந்த கியர்ல இருந்து எந்த கியருக்கு? ஏறும்போதா, எறங்கும்போதா?" எனக்கு பதில் தெரியல, ஒரு வாரம் ஓட்டிப் பாத்து எழுதிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு.

அந்த ஒரு வாரம்தான் எல்லாத்தையும் மாத்துச்சு. எழுதிப் பாத்தா என் வண்டில இருந்தது ஒரு ஜெர்க் இல்ல, மூணு. பார்க்ல இருந்து டிரைவ் போட்டாலோ ரிவர்ஸ் போட்டாலோ அடில ஒரு டொக். 60, 65 ஸ்பீடுல லேசா ஆக்சிலரேட்டர் குடுத்துட்டு சீரா போகும்போது, டோல்கேட் முன்னாடி வரிவரியா வெள்ளைக்கோடு போட்டிருப்பாங்கல்ல, அது மேல போற மாதிரி ஒரு நடுக்கம். மூணாவது, காலைல மொத ஸ்டார்ட்டுல ரெண்டுல இருந்து மூணுக்கு மாறும்போது ஒரு தள்ளு. மூணுக்கும் காரணம் தனித்தனி, செலவும் தனித்தனி. இதை பிரிக்காம பாக்ஸைக் கழட்டியிருந்தா மொத ஜெர்க் அப்புறமும் அப்படியே இருந்திருக்கும், ஏன்னா அது பாக்ஸுக்குள்ளயே இல்ல.

இதுக்கு முன்னாடி ஒரு விஷயம். உங்க வண்டில இருக்கறது எந்த வகை ஆட்டோமேட்டிக்னு மொதல்ல தெரிஞ்சுக்கங்க. நம்ம ஊர்ல கிளட்ச் பெடல் இல்லாத எல்லாத்தையும் ஆட்டோமேட்டிக்னுதான் சொல்றோம். 2014ல மாருதி செலரியோ காரோட வந்து பரவுன ஏஎம்டி, சாதா மேனுவல் பாக்ஸுலயே மெஷின் கிளட்ச் மிதிக்கிற அமைப்பு, அதுல கியர் மாறும்போது தலை லேசா முன்னாடி போறது அந்த டிசைனோட குணம். டபுள் கிளட்ச்ல, அதுவும் ஆயில்ல நனையாத டிரை கிளட்ச்ல, நெரிசல்ல ஊர்ந்து போகும்போது கிளட்ச் சூடாகி திணறும். சிவிடில படிப்படியான கியரே கெடையாது. டார்க் கன்வெர்ட்டர்ல மட்டும்தான் வெண்ணெய் மாதிரி மாறணும்னு எதிர்பாக்கலாம், நான் எழுதறதும் அதைப் பத்தித்தான்.

மொத ஜெர்க். அண்ணன் வண்டிய லிஃப்ட்ல ஏத்துனாரு. "பாக்ஸ் கழட்டறது கடைசி வேலைங்க, மொதல்ல அதைத் தாங்குறது என்னாச்சுன்னு பாப்போம்." கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் பொளந்து கெடந்துச்சு. டிரைவ் போடும்போது இன்ஜினோட முறுக்கு விசை (டார்க்) வந்து இடிக்குது, ரப்பர் தாங்கல, இரும்பும் இரும்பும் முட்டுது, அதுதான் டொக். கூடவே பாக்ஸுல இருந்து பின் சக்கரத்துக்கு சக்தி கொண்டு போற ப்ரொபெல்லர் ஷாஃப்ட்ட கைல புடிச்சு திருப்பிக் காட்டுனாரு, அதை மடங்க விடற மூட்டான யுஜே கிராஸ்ல ஆட்டம் இருந்துச்சு, ஷாஃப்ட் உள்ள வெளிய நகர்ற ஸ்லிப் ஜாயின்ட்டோட பல்லுல (ஸ்ப்லைன்) கிரீஸே இல்ல, காஞ்சு போயிருந்துச்சு. ரியர் வீல் டிரைவ் வண்டில சிக்னல்ல நின்னு கெளம்பும்போது பின்னாடி ஒரு தட்டு வந்தா பாதி பேரு கியர்பாக்ஸ்னு நெனச்சுக்கறாங்க, ஆனா ஸ்ப்லைன் காஞ்சாலும் அதே தட்டு வரும். மவுண்ட், கிராஸ் மாத்தி கிரீஸ் அடிச்சதும் டொக் போயிடுச்சு.

ரெண்டாவதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி, ஏன்னா இதை நாமளே ரோட்டுல கண்டுபுடிக்கலாம். டார்க் கன்வெர்ட்டர்ல இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல இருக்கறது ஆயில். இம்பெல்லர் ஆயிலைத் தள்ளுது, டர்பைன் சுத்துது. ஆயில் வழியா போறதால எப்பவும் கொஞ்சம் வழுக்கல் இருக்கும், அது மைலேஜைத் திங்கும், சூட்டையும் கிளப்பும். அதனால சீரான ஸ்பீடு வந்ததும் உள்ள இருக்கற லாக்-அப் கிளட்ச் புடிச்சு ரெண்டையும் நேரா இணைச்சிடும். இந்த கிளட்ச் முழுசா புடிக்காம புடிச்சு விட்டு புடிச்சு விட்டு ஆடுனா வர்றதுதான் அந்த நடுக்கம். ஆனா இன்ஜின்ல இன்ஜெக்டர் கோளாறு இருந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும். எதுன்னு பிரிக்கறதுக்கு, காலி ரோட்டுல, பின்னாடி வண்டி இல்லாதப்ப, நடுக்கம் வரும்போது ஆக்சிலரேட்டரை அப்படியே வச்சுக்கிட்டு எடது காலால பிரேக்கை லைட்டு எரியற அளவுக்கு மட்டும் தொடுங்க. பிரேக் சுவிட்ச் சிக்னல் போனதும் லாக்-அப் விட்டுடும், ஆர்பிஎம் லேசா ஏறும், அந்த நொடியே நடுக்கம் நின்னுதுன்னா சந்தேகம் லாக்-அப் மேல. நிக்கலைன்னா இன்ஜின் பக்கம் பாருங்க. பழக்கம் இல்லாதவங்க எடது கால்ல அழுத்தி மிதிச்சிடுவீங்க, அதனால பக்கத்துல தெரிஞ்சவங்களை வச்சுக்கிட்டு செய்ங்க.

எனக்கு நின்னுடுச்சு. அடுத்து ஸ்கேனர். 500, 1000 ரூபாய்க்கு கெடைக்கற ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் (வண்டில செருகி போன்ல படிக்கற சின்ன கருவி) என்கிட்ட இருந்துச்சு, அதுல ஒரு எரர் கோடும் (கோளாறைக் குறிக்கற நம்பர்) காட்டல. இதை நம்பி உக்காரக்கூடாது, பல வண்டில அந்த டாங்கிள் இன்ஜின் கம்ப்யூட்டரை மட்டும்தான் படிக்கும், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் உள்ளயே போகாது. அண்ணனோட ஸ்கேனர்ல பி 0741 ஸ்டோர் ஆகியிருந்துச்சு, லாக்-அப் சரியா புடிக்கலைன்னு அர்த்தம். பி 0700 மட்டும் வந்தா அதுல ஒண்ணும் இல்ல, "கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ இருக்கு, அங்க போய் பாரு"ன்னு சொல்ற பொதுக் கோடு, அதைக் காட்டி யாராவது பாக்ஸ் போச்சுன்னு சொன்னா நம்பாதீங்க. பி 0730 வந்தா கொஞ்சம் கவலைப்படலாம், உள்ள கிளட்ச் வழுக்குதுன்னு ஒரு சாத்தியம் இருக்கு.

அப்புறம் ஆயில். இந்த ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் பாக்ஸ் ஆயில் விஷயத்துல எனக்கு உண்மையிலேயே கோவம் வரும். "லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்"னு சொல்லிச் சொல்லியே நல்ல பாக்ஸுங்களை சாகடிக்கறாங்க. பாக்ஸ் செய்யற இசட்எஃப் கம்பெனியே தன்னோட பாக்ஸுக்கு 80,000ல இருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லைன்னா 8 வருஷத்துல மாத்தச் சொல்லுது. என் வண்டி சர்வீஸ் ஹிஸ்டரில ஒரு தடவை கூட மாத்துனதா இல்ல. டிரெயின் பண்ணா செவப்பா இருக்க வேண்டியது கரும்பழுப்பா வந்துச்சு. ஆனா கருகுன வாசனை இல்ல, அதுல ஒரு நிம்மதி. ஆயில் பேனைக் கழட்டி உள்ள இருக்கற மேக்னட்டைப் பாத்தோம். சாம்பல் கலர்ல மை மாதிரி நைஸா ஒட்டியிருந்தா அது வழக்கமான தேய்மானம், வெரல்ல உறுத்தற இரும்புச் சீவல் வந்தாதான் பயம். எனக்கு மை மட்டும்தான். பேனுக்குள்ள கருப்பு கருப்பா கிளட்ச் லைனிங் துகளும் இல்ல. "ஓவர்ஹால்னு சொன்னாங்களா? இந்த மேக்னட்டை அவங்க பாக்கலைங்க"ன்னாரு அண்ணன்.

ஆயில் மாத்தறதுலயே தப்பு நடக்கற எடம் லெவல். இந்த மாதிரி பாக்ஸ்ல டிப்ஸ்டிக் கெடையாது. வண்டி சமமா நிக்கணும், இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கணும், லீவரை ஒவ்வொரு எடத்துலயும் சில நொடி வச்சு எடுக்கணும், ஆயில் டெம்பரேச்சரை ஸ்கேனர்ல பாத்துக்கிட்டே கம்பெனி சொன்ன சூட்டுல, பெரும்பாலும் 40 டிகிரி பக்கத்துல, செக் பிளக்கைத் திறக்கணும். ஒழுகி ஒழுகி சொட்டா வரும்போது மூடணும். சூடா இருக்கும்போது திறந்தா ஆயில் விரிஞ்சிருக்கும், அதிகமா வெளிய போயிடும், ஆறுனப்புறம் பாக்ஸுல ஆயில் கொறச்சல், பம்ப் காத்தை இழுக்கும், புதுசா ஜெர்க் வரும். ஆயில் மாத்துனப்புறம்தான் கெட்டுப்போச்சுன்னு புலம்பற நெறைய பேருக்கு இதுதான் கதைன்னு அண்ணன் சொல்றாரு. ஆயிலும் மேனுவல்ல போட்ட ஸ்பெசிஃபிகேஷனேதான் ஊத்தணும், எல்லா வண்டிக்கும் ஆகும்னு விக்கற டப்பாவை நான் தொடறதே இல்ல. கிளட்ச் எப்படி புடிக்கணுங்கறதே அந்த ஆயில்ல கலந்திருக்கற ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர்ங்கற, உராய்வை சரியா வைக்கற சேர்மானத்துலதான் இருக்கு.

மெஷின் வச்சு பழைய ஆயிலை முழுசா தள்ளி எடுக்கற ஃப்ளஷ் பண்ணல. டிரெயின் பண்ணி ஊத்துனா கன்வெர்ட்டர்ல இருக்கறது வெளிய வராது, பாதிக்குப் பாதிதான் மாறும், அதனால கொஞ்ச நாள் ஓட்டிட்டு மறுபடி ஒரு தடவை மாத்துனோம், ஃபில்டரும் கேஸ்கெட்டும் மொத தடவையே. நடுக்கம் மொத தடவையிலேயே நல்லா கொறஞ்சு, ரெண்டாவதுக்கப்புறம் சுத்தமா நின்னுடுச்சு, பி 0741 திரும்பி வரவே இல்ல. எல்லாருக்கும் இப்படி நடக்கும்னு சொல்ல மாட்டேன், லைனிங் தேஞ்சு போயிருந்தா ஆயில் காப்பாத்தாது, கன்வெர்ட்டரைத்தான் பாக்கணும்.

மூணாவது, காலைல வர்ற அந்த 2-3 தள்ளு. இது பாதிதான் தீந்துச்சு. பாக்ஸ் கம்ப்யூட்டர், கிளட்ச் தேயத் தேய எவ்வளவு பிரஷர்ல எவ்வளவு நேரம் ஆயில் நெரப்பணும்னு தானா கத்துக்கிட்டு மாத்திக்கும். பழைய ஆயிலுக்குக் கத்துக்கிட்ட கணக்கு புது ஆயிலுக்குப் பொருந்தாது. அதனால ஸ்கேனர்ல அடாப்டேஷனை ரீசெட் பண்ணி, மெதுவா ஆக்சிலரேட்டர் குடுத்து எல்லா கியரும் ஏறி, மெதுவா பிரேக் புடிச்சு நிக்கற மாதிரி கொஞ்ச தூரம் ஓட்டிக் கத்துக்குடுத்தோம். பேட்டரி கழட்டி மாட்டுனா போதும்னு சொல்வாங்க, எல்லா வண்டிலயும் அது அழியாது. இதோட தள்ளு நல்லா கொறஞ்சிடுச்சு, ஆனா மார்கழி மாசக் காலைல மொத ரெண்டு மூணு தடவை இன்னும் லேசா தெரியும், ஆயில் சூடானதும் காணாம போயிடும். அண்ணன் கணக்குப்படி பாக்ஸுக்குள்ள ஆயிலை கிளட்சுகளுக்கு பிரிச்சு அனுப்பற வால்வு பாடில, ஒரு பிரஷர் சொலினாய்டு (கரன்ட்ல திறந்து மூடற வால்வு) தளர ஆரம்பிச்சிருக்கு. சூடானப்புறமும் வர ஆரம்பிச்சா வால்வு பாடி மட்டும் எறக்கிப் பாக்கலாம், அதுக்கும் முழு பாக்ஸ் கழட்டத் தேவையில்லன்னு சொல்லியிருக்காரு. நான் காத்திருக்கேன், மாசத்துக்கு ஒரு தடவை எரர் கோடு பாக்கறேன்.

மலை ரோட்டுல ஒரு பழக்கம் மாத்துனேன். ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, டிரைவ்லயே விட்டா வளைவுக்கு வளைவு ரெண்டுக்கும் மூணுக்கும் தாவிக்கிட்டே இருக்கும், லாக்-அப் புடிக்க நேரமே கெடைக்காது, ஆயில் சூடு ஏறிக்கிட்டே போகும். இப்ப ஏறும்போதும் எறங்கும்போதும் மேனுவல் மோடுல ரெண்டுல நிறுத்திடறேன், ஸ்கேனர்ல பாத்தா டெம்பரேச்சர் வித்தியாசம் நல்லாவே தெரியுது.

வாங்கப் போறவங்களுக்கு. விக்கறவரு இன்ஜினை முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தா, இன்னொரு நாள் காலைல வர்றேன்னு சொல்லிட்டு பானட் ஆறியிருக்கும்போது போங்க, ஏன்னா பாதி கோளாறு ஆறுன வண்டிலதான் தெரியும். டிரைவ் போட்டு ரெண்டு நொடிக்கு மேல புடிக்காம நின்னா வேணாம். சென்னை வண்டின்னா 2015 டிசம்பர் வெள்ளத்துலயோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயோ தண்ணில நின்னதான்னு இன்ஷூரன்ஸ் கிளெய்ம் ஹிஸ்டரில கேளுங்க, பாக்ஸோட காத்துத் துளையான பிரீதர் வழியா தண்ணி உள்ள போயிருந்தா ஆயில் பால் கலந்த ரோஸ் கலர்ல இருக்கும், ரேடியேட்டருக்குள்ள இருக்கற ஆயில் கூலர் ஒடைஞ்சு கூலன்ட் கலந்தாலும் அதே கலர்தான். தண்ணி பட்ட கிளட்ச் லைனிங் உரிஞ்சு வரும், அந்த வண்டிய எவ்வளவு கொறச்சுக் குடுத்தாலும் எடுக்காதீங்க.