மொத்த எடையா, அச்சு எடையா, அச்சு இடைவெளியா? லாரிகளுக்கு எதை வைத்து வரம்பு போடுவது

கடலூர் சிப்காட், நெய்வேலி, புதுச்சேரி என்று ஓடும் கனரக லாரிகளுக்கு மூன்று வழிகளில் வரம்பு வைக்கலாம்: மொத்த எடைக்கு ஓர் உச்சம், ஒவ்வொரு அச்சுக்கும் (ஆக்சில்) தனி உச்சம், அச்சுகளின் இடைவெளியையும் சேர்த்துப் பார்க்கும் பாலச் சூத்திரம். முதல் வழியை மட்டும் நம்பினால் சாலை தாங்காது.

அதில் எளிமை உண்டு என்பது உண்மைதான். எடை மேடையில் ஏற்றி, வரும் எண்ணை ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) உள்ள எடையோடு ஒத்துப் பார்த்தால் போதும். ஆனால் தார்ச்சாலையை உடைப்பது ஒவ்வோர் அச்சும் இறக்கும் பாரம். அமெரிக்காவின் இல்லினாய்ஸில் 1958-60இல் அந்நாட்டு மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கமான ஆஷோ நடத்திய சாலைச் சோதனையிலிருந்து வந்த விதிப்படி, சேதம் அச்சு எடையின் நான்காம் அடுக்கை ஒட்டி ஏறும், அதாவது எடை இரட்டித்தால் சேதம் சுமார் 16 மடங்கு. மத்திய அரசின் 2018 ஜூலை அறிவிக்கை ஆறு சக்கர லாரிக்கு முன் அச்சில் 7 டன், பின் அச்சில் 11.5 டன், ஆக 18.5 டன் அனுமதிக்கிறது. சரக்கைப் பின்னால் குவித்து முன் 5.5, பின் 13 என்று ஏற்றினாலும் மேடை காட்டுவது அதே 18.5தான். பின் அச்சின் சேதமோ 63 சதவீதம் கூடிவிடும். முன் டயர் பிடிப்பும் குறையும். அதே அறிவிக்கை பின் அச்சு வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 ஆக உயர்த்தியதும் சிறிய விஷயமல்ல: எடை சுமார் 13 சதவீதம் கூடினால் சேதம் 60 சதவீதத்துக்கு மேல் கூடும்.

அச்சு வரம்பு இதையெல்லாம் பிடிக்கும். ஆனால் அளப்பதில் கவனம் வேண்டும். மேடையும் அதன் முன்பின் தரையும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் இரட்டை அச்சில் ஒன்றின் பாரம் மற்றதுக்குப் போய்விடும். பிரேக் பிடித்தபடி அளந்தால் சஸ்பென்ஷன் இறுகி எண் தவறும்; பிரேக்கை விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். சிப்காட் டேங்கர்களில் உள்ளே திரவம் அடங்கும்வரை பொறுக்க வேண்டும். தேவையில்லாதபோது தூக்கிவைக்கும் கூடுதல் அச்சான லிஃப்ட் ஆக்சில் இறங்கியிருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல், வரம்பு டன்னில், வியாபாரம் யூனிட்டில். ஒரு யூனிட் 100 கன அடி. ஜல்லி என்றால் சுமார் 4.25 டன், எம்.சாண்ட் என்றால் சுமார் 4.8 டன், நனைந்தால் இன்னும் மேலே. திருவக்கரைப் பக்கத்துக் குவாரியிலிருந்து புதுச்சேரிக்கு வரும் பத்து சக்கர டிப்பரின் காலி எடை 10.5 டன் என்று வைத்தால், நாலு யூனிட் ஜல்லியோடு 27.5 டன், அச்சு வரம்புகளின் கூட்டான 28க்குள் அடங்கிவிடும். அதே நாலு யூனிட் எம்.சாண்ட் 29.7 டன். ரசீதில் இரண்டும் ஒன்றுதான். குவாரி வாசலிலேயே டன் கணக்கில் ரசீது போடாதவரை எந்த வரம்பும் காகிதத்தோடு நிற்கும்.

அச்சு வரம்புக்குப் பிடிபடாதது பாலம். நீளமான டிரெய்லரின் பாரம் பரவி விழும். குட்டையான டிப்பரின் பாரம் ஒரே இடத்தில் குவியும். அமெரிக்காவில் 1974 சட்டத்தோடு வந்த பாலச் சூத்திரம் இதைத்தான் பார்க்கிறது. முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் 16 அடி இருக்கும் மூன்று அச்சு லாரிக்கு அது அனுமதிப்பது 48,000 பவுண்டு, கிட்டத்தட்ட 21.8 டன். நம் 28ஐ விட ஆறு டன் குறைவு. அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் பாலங்கள் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) கிளாஸ் ஏ, 70ஆர் என்ற மாதிரிச் சுமைகளுக்காக வடிவமைக்கப்படுபவை. ஆனால் கெடிலம், தென்பெண்ணை மீதுள்ள பழைய பாலங்களின் எச்சரிக்கைப் பலகையில் மொத்த டன்னோடு அச்சு டன்னும் எழுதுவதற்கு இந்தக் கணக்கு போதும்.

ஆகவே சாலைக்கு அச்சு வரம்பு, பழைய பாலத்துக்கு இடைவெளிக் கணக்கு, மொத்த எடை முதல் வடிகட்டலுக்கு மட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும். கூடுதல் சரக்கை இறக்கச் சொல்லவும் சட்டத்தில் இடமுண்டு. இறக்கி வைக்க எடை மேடை பக்கத்திலேயே காலி இடமும், மாற்று லாரிக்கு ஏற்பாடும் வேண்டும். அவை இல்லாவிட்டால் அபராதம் கட்டிய லாரி அதே பாரத்தோடு அதே பாலத்தில் ஏறும்.