மெயில் மட்டும் இருக்கும் கப்பலில் வானிலை: செயில்டாக்ஸா, எஃப்டிபிமெயிலா?

நம்ம கிருஷ்ணகிரியில் கடல் என்றால் கே.ஆர்.பி. அணைதான், ஆனால் பர்கூர், ஊத்தங்கரைப் பக்கத்துப் பசங்க கப்பல் வேலைக்குப் போகிறார்கள், அதனால்தான் இது. செயில்டாக்ஸ், எஃப்டிபிமெயில் இரண்டும் மெயில் எழுதிக் கேட்டால் வானிலைத் தகவலை மெயிலிலேயே அனுப்பும் சேவைகள்.

செயில்டாக்ஸுக்கு மெயிலில் ஒரே வரி போதும். 'சென்ட் ஜிஎஃப்எஸ்' (ஜிஎஃப்எஸ் என்பது அமெரிக்கக் கணினி வானிலைக் கணிப்பு) என்று தொடங்கி, வடக்கு 5 முதல் 20, கிழக்கு 80 முதல் 95 என்று எல்லையையும் எத்தனை மணி நேரத்துக்கு என்பதையும் எழுதினால் வங்கக்கடலின் காற்றும் அழுத்தமும் சின்ன கிரிப் கோப்பாக, அதாவது வானிலை எண்கள் அடங்கிய கோப்பாக, வந்துவிடும். அதைத் திறக்கும் மென்பொருளைக் கரையிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். 'சென்ட்' இடத்தில் 'சப்' என்று எழுதினால் தினமும் தானாக வரும்.

எஃப்டிபிமெயில் அமெரிக்க வானிலைச் சேவையுடையது. ஓபன், சிடி, கெட், குவிட் என்று கட்டளைகளை வரிவரியாக எழுத வேண்டும், கோப்புப் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினால்கூட ஒன்றும் வராது, சரியான இம்சை. வருவதும் பெரும்பாலும் அட்லாண்டிக், பசிபிக் வானிலை வரைபடங்கள்தான். ஆனால் அந்த வரைபடங்கள் மனிதர் பார்த்து வரைந்தவை. கிரிப் வெறும் கணினிக் கணக்கு, புயல் மையத்தின் காற்றைக் குறைத்தே காட்டும்.

வங்கக்கடல், அரபிக்கடல் என்றால் யோசிக்காமல் செயில்டாக்ஸ். புயல் காலத்தில் மட்டும் நம்ம வானிலைத் துறை எச்சரிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.