43,500 ரூபாய் போச்சு: பழைய பத்மினி கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் எனக்கு விஷயமே புரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஆறவிட்டு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன் என்று இப்போதே எழுதுகிறேன். மொத்தம் 43,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பழைய கார்களை மட்டும் பார்ப்பதாகச் சொல்லி வீடியோ போடுகிற ஒரு கராஜ், எங்கள் மாவட்டம் இல்லை. பெயர் வேண்டாம். இந்த மாதிரி இடம் ஒன்று மட்டும் இருக்காது.

வண்டி அப்பாவுடையது. பிரீமியர் பத்மினி, 1984 மாடல், 1089 சிசி, ஸ்டியரிங் கியர். திருச்சியில் எங்கள் தெருவில் இன்னும் அதை "ஃபியட் கார்" என்றுதான் சொல்வார்கள். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. விற்கச் சொன்னவர்கள் நிறையப் பேர். விற்கவில்லை, வாராவாரம் நான்தான் ஓட்டுகிறேன்.

போன வருஷக் கடைசியில் தொல்லை ஆரம்பித்தது. காலையில் சோக்கை இழுத்து செல்ஃப் அடித்தால் உடனே பிடித்துக்கொள்ளும். முதல் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு குறையும் இருக்காது. அப்புறம் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுவை இல்லாமல் திணறும், மிஸ்ஸிங் அடிக்கும். மேம்பாலம் ஏறும்போது இன்னும் மோசம். ஒருமுறை ஆஃப் ஆகிவிட்டால் தீர்ந்தது. செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. தஞ்சாவூர் போகும்போது துவாக்குடி தாண்டி அப்படித்தான் நின்றது. பானெட்டைத் திறந்துவைத்து முக்கால் மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆனது.

அந்த கராஜ்காரரின் வீடியோக்களைப் பார்த்துப் போன் செய்தேன். நேரில் வந்து பார்க்கிறேன் என்றார், வரவும் செய்தார். நான் விழுந்த இடம் இதுதான். கதவைச் சாத்தும்போது அடித்துச் சாத்தாமல், உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினார். "அப்பா வண்டியாக்கா?" என்று கேட்டார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடி ஒரு நிமிஷம் கேட்டார். என் அப்பா அப்படியேதான் கேட்பார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அங்கேயே நின்றபடி 25,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன்.

"இப்ப வர்ற பெட்ரோல்ல இருபது பர்சன்ட் எத்தனால்க்கா. பழைய ரப்பரெல்லாம் தின்னுடும். கார்புரேட்டர், பம்ப், டேங்க், காயில் எல்லாம் பார்க்கணும்" என்றார். (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு விடுவதுதான் கார்புரேட்டர்.) இதில் பாதி உண்மை என்பதுதான் கொடுமை. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ஹோஸையும், பம்புக்குள் இருக்கும் சவ்வான டயாஃப்ரத்தையும் கெடுக்கும், அது நிஜம். அதனால்தான் மீதியையும் நம்பினேன்.

பத்து நாள் என்றது ஏழு வாரம் ஆனது. ஒருநாள் கரண்ட் இல்லை, ஒருநாள் பையன் ஊருக்குப் போயிருக்கிறான், ஒருநாள் பார்ட்ஸ் மும்பையிலிருந்து வரவேண்டும். அதையும் நம்பினேன். பத்மினி தயாரிப்பு நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மும்பையில் டாக்ஸியாக ஓடியதும் 2023 அக்டோபரோடு முடிந்தது. பார்ட்ஸ் கிடைக்காதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வண்டி எடுக்கப் போன அன்று இன்னும் 18,500. ஆக 43,500. பில் கேட்டதற்கு வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிக் கொடுத்தார். வண்டி நிழலில் நின்றிருந்தது. செல்ஃப் ஒரு சுற்று, பிடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். இன்ஜின் ஆறியிருக்கும்போது அது எப்போதுமே அப்படித்தான் ஸ்டார்ட் ஆகும் என்பது அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவே இல்லை. அவருக்கு நன்றாகத் தெரியும்.

முப்பது கிலோமீட்டர் தாண்டவில்லை. அதே திணறல், அதே நிற்றல். ரோட்டோரத்திலிருந்து போன் செய்தேன். "புது செட்டிங்க்கா, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்." அடுத்த நாள்: "நீங்க கிளட்ச்ச எப்படி விடுறீங்க?" அதற்கும் அடுத்த வாரம்: "உங்களுக்குச் சொன்னா புரியாதுக்கா, வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா பேசச் சொல்லுங்க." பதினெட்டு வயசிலிருந்து இந்த வண்டியை ஓட்டுகிறேன் நான். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை, மெசேஜில் நீல டிக் மட்டும் விழுகிறது.

நேற்று பாலக்கரையில் அப்பாவுக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். கடையை மூடிவிட்டு வீட்டில் இருக்கிறார், கண்ணும் சரியாகத் தெரியாது. வண்டியை ஓட்டிக்கொண்டே போனதால் இன்ஜின் நல்ல சூட்டில் இருந்தது. அது நல்லதாய்ப் போயிற்று. கேட்டது ஒரே கேள்வி: "ஆறி இருக்கும்போது மிதிச்சா திணறுதா பாப்பா?" இல்லை என்றேன். "அப்ப கார்புரேட்டர் இல்ல. கார்புரேட்டர்ல பம்ப் டயாஃப்ரம் போயிருந்தா ஆறுனாலும் சூடானாலும் திணறும்."

டெல்கோ, அதாவது ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், அதன் மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றும் ரோட்டாரை எடுத்துவிட்டு, என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். இருட்டிக்கொண்டு வந்த நேரம். பேத்தியைப் பார்க்கச் சொன்னார். "தாத்தா, உள்ள நீலமா பொறி பறக்குது" என்றாள். அவ்வளவுதான், "கண்டென்சர்" என்றார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். பிளாட்டினம் (கரண்டை விட்டு விட்டு அறுக்கும் பாயின்ட்) திறந்து மூடும் இடத்தில் வெல்டிங் மாதிரிப் பளீர் பளீரென்று வெட்டியது. பிளாட்டினத்தில் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் கடுகு மாதிரி மேடு.

அவர் சொன்னது இது. பிளாட்டினம் திறக்கிற நொடியில் காயிலில் ஓடும் கரண்ட் சட்டென்று அறுபட வேண்டும், அப்போதுதான் காயிலிலிருந்து பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் போகும். அந்த நொடியில் பிளாட்டினத்தில் பொறி பாயாமல் வாங்கிக்கொள்வதுதான் கண்டென்சரின் வேலை. அது சூட்டில் கைவிட்டால் பிளக்கில் பொறி சோகையாகிவிடும். மெதுவாக ஓடும்போது சமாளிக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்து சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியதும் முடியாது, அதுதான் திணறல். ஆஃப் பண்ணினால் ஸ்டார்ட் ஆகாததும் அதனால்தான். ஆறினால் கண்டென்சருக்கு உயிர் வரும், வண்டியும் கிளம்பும். இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றே.

கண்டென்சர் 180 ரூபாய். அவரிடமே பழைய டப்பாவில் பேக்கிங் பிரிக்காமல் ஒன்று இருந்தது. பிளாட்டினத்தைத் தேய்த்து, கேப் (இடைவெளி) சரியாக வைத்துக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். நேற்று ராத்திரி சமயபுரம் வரை போய் வந்தேன், சூட்டிலேயே மூன்று தடவை ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணினேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

கண்டென்சரை மாற்றிக்கொண்டே கார்புரேட்டரைத் தடவிப் பார்த்தவர், "இது உங்க அப்பா வண்டில இருந்தது இல்லையே" என்றார். எங்கள் சோலெக்ஸ் கார்புரேட்டரின் மேல்மூடியில் ஒரு ஸ்க்ரூ மட்டும் பித்தளை. வருஷங்களுக்கு முன் திரெட் போனபோது அவரே போட்டது. இப்போது இருப்பதில் எல்லாமே ஒரே மாதிரி வெள்ளை ஸ்க்ரூ, பாடியில் பெயரோ நம்பரோ எதுவும் இல்லை. 43,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, கெடாத ஒரிஜினல் கார்புரேட்டரையும் கழற்றி எடுத்துக்கொண்டு, டூப்ளிகேட்டை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

இன்று காலை 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். பில் கேட்டார்கள். என்னிடம் இருப்பது வெள்ளைத் தாளும் பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டும்தான். அதை வைத்தே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் எழுதப் போகிறேன். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை.

விவரமாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. வண்டியை விடும் முன் கார்புரேட்டர், டெல்கோ, காயில் எல்லாவற்றையும் நம்பரோடு போட்டோ எடுங்கள். மாற்றிய பழைய பார்ட்ஸைக் கையில் கேட்டு வாங்குங்கள். சூட்டில் வரும் கோளாறு என்றால், டெலிவரி எடுக்கும்போது அரை மணி நேரம் ஓட்டி, சூட்டிலேயே ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு பணம் கொடுங்கள்.

பழைய ஃபியட் சோலெக்ஸ் கார்புரேட்டர், மேல்மூடியில் ஒரே ஒரு பித்தளை ஸ்க்ரூவோடு, எங்காவது விலைக்கு வந்தால் உடனே எனக்கு மெசேஜ் பண்ணுங்கள். அது எங்களுடையது.